செடி செழிக்குது, கிழங்கைக் காணோம்: வடசென்னை மேட்டுப்பாத்தியில் உருளைக்கிழங்குக்கு வரும் கோளாறுகள்

முதல் வருஷம் என் உருளைக்கிழங்குச் செடி இடுப்பளவு வளர்ந்தது. பக்கத்து வீட்டு ஆயா மதில்மேல் கையூன்றிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கீரையா வளத்துக்கினு கீற?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. மார்ச் மாதம் பிடுங்கிப் பார்த்தபோது ஆயா சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. பதினாறு செடிக்கும் சேர்த்துக் கோலிக்குண்டு அளவில் ஒரு கைப்பிடி.

கொடுங்கையூரில் வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்கு மூன்றடி இடம். ஹாலோ பிளாக்கை இரண்டு வரிசை அடுக்கி, மண் நிரப்பிய மேட்டுப்பாத்தி. நான்கு பருவம் அதில் உருளை போட்டுவிட்டேன். இப்போது நல்ல வருஷத்தில் மூன்றரை, நான்கு கிலோ கிடைக்கிறது. ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இங்கே அதுதான் நல்ல மகசூல் என்பது என் கணக்கு. அதற்கு மேல் யாராவது வாக்குறுதி கொடுத்தால் அவர் தோட்டத்தை நேரில் பார்த்துவிட்டு நம்புங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நட்டு எத்தனை நாள் என்பதை. நான் நட்ட தேதியைக் கரிக்கட்டியால் சுவரிலேயே எழுதிவிடுவேன். 25-ஆம் நாளில் அடியிலை மஞ்சளானால் ஏதோ கோளாறு. 75-ஆம் நாளில் மஞ்சளானால் செடிக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். நாள் தெரியாமல் மருந்து வாங்கப் போகாதீர்கள்.

நட்டு இருபது நாள் ஆகியும் முளை வெளியே வரவில்லை

ஒரு கிழங்கை விரலால் தோண்டி எடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் கிளற வேண்டாம், ஒன்று போதும்.

கிழங்கு கெட்டியாக இருக்கிறது, ஆனால் கண்ணில் அசைவே இல்லை என்றால் அது இன்னும் தூக்கத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்குக்கு உறக்க காலம் உண்டு. அறுவடையான பிறகு பொதுவாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனால்தான் முளை விடும். கடையில் தோல் உரியும் புதுக்கிழங்கை வாங்கி நட்டால் இந்தக் கதிதான். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் பழைய கிழங்கு பரவாயில்லை, அதன் உறக்கம் பெரும்பாலும் அங்கேயே கழிந்திருக்கும். ஆனால் முளைக்காமல் இருக்க மருந்து போட்ட கிழங்காகவும் இருக்கலாம். அதனால் முளை விட்டதைப் பார்த்த பிறகே நட வேண்டும். முட்டை அட்டையில் கண் மேலே இருக்கும்படி அடுக்கி, வெளிச்சம் உள்ள, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். குட்டையாக, தடிமனாக, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முளை வந்தால் தயார். இருட்டு அலமாரியில் வைத்தால் வெள்ளையாக நூல் போல நீளும், நடும்போதே ஒடிந்துவிடும்.

கிழங்கு கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அழுகிவிட்டது. இங்கே இதுதான் அதிகம். இரண்டு காரணம். ஒன்று, கிழங்கை வெட்டி நட்டது. வெட்டி நடுவது குளிர்ந்த ஊருக்குச் சரி. நம் ஊர் சூட்டில், ஈர மண்ணில் வெட்டுவாய் ஆறுவதற்குள் பாக்டீரியா புகுந்துவிடும். கோழிமுட்டை அளவு கிழங்காகப் பொறுக்கி முழுசாக நடுங்கள். பெரியதுதான் கிடைத்தது என்றால் வெட்டி, வெட்டிய முகத்தில் விறகுச் சாம்பலைத் தொட்டு, நிழலில் இரண்டு நாள் காயவிட்டு அப்புறம் நடலாம்.

இரண்டாவது காரணம் மழை. 'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்று பழமொழி இருக்கிறதே என்று 2023-இல் தீபத்துக்கு மறுநாள் நட்டேன். ஒரே வாரத்தில், டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பாத்தி பதினாறு அங்குல உயரம் என்பதால் மேல் மண் தலைகாட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கிழங்கு இருந்த ஆழத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. எல்லாம் கூழ். 'மேட்டுப்பாத்திதானே, தண்ணீர் வடிந்துவிடும்' என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளியே வெள்ளம் நின்றால் பாத்திக்குள் இருக்கும் தண்ணீர் எங்கே வடியும்?

இப்போது நான் விதைக்கிழங்கை இரண்டு தவணையாக நடுகிறேன். பாதியை டிசம்பர் முதல் வாரம், மீதியை பத்து நாள் கழித்து. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் முட்டை அட்டை வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

கிழங்கு நன்றாக இருக்கிறது, முளை மட்டும் கடிபட்டிருக்கிறது என்றால் எறும்பு அல்லது வெட்டுப்புழு. மண்ணைக் கிளறிப் புழுவைப் பொறுக்கி எறியுங்கள். அந்தக் கிழங்கே வேறு கண்ணிலிருந்து மறுபடி முளைக்கும்.

செடி பச்சைப்பசேல், அடியில் ஒன்றுமில்லை

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வடசென்னையில் உருளை போட்டுத் தோற்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கேதான் தோற்கிறோம்.

உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு. மண்ணுக்குள் தண்டிலிருந்து பக்கவாட்டில் வெள்ளைக் கயிறு போல ஓடுதண்டுகள் கிளம்பும். அதன் நுனி வீங்கினால் கிழங்கு. வீங்கு என்று செடிக்குக் கட்டளை கிடைப்பது குளிர்ந்த இரவில். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் அதற்குச் சுகம். 22-ஐத் தாண்டினால் செடி தயங்கும். அதற்கும் மேலே போனால் சாப்பாட்டை எல்லாம் இலையாக்கிக்கொண்டே போகும். சென்னையில் வருஷத்திலேயே குளிரான ஜனவரியில் இரவு சராசரி சுமார் 21 டிகிரி, பகல் 29. அதாவது நமக்கு மிகச் சிறந்த மாதமே உருளைக்கு விளிம்பில் நிற்கும் மாதம். மார்ச்சில் பகல் 33-க்குப் போய்விடும். அப்போது செடி உயிரோடு இருந்தாலும் கிழங்கு பெருக்காது.

அதனால் கணக்கு இப்படி: நட்டு 30 முதல் 40 நாளுக்குள் ஓடுதண்டு நுனி வீங்கத் தொடங்கும். அந்தப் பத்து நாள் ஜனவரியில் விழ வேண்டும். மார்கழிக் குளிரிலும் தை முதல் பாதியிலும் கிழங்கு உட்கார்ந்துவிட்டால் மாசி முடிவதற்குள் தேறிவிடும். தை பிறந்த பிறகு நட்டுவிட்டு உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் செடியில் சூடுதான் காரணமா, வேறு எதுவுமா என்று பார்க்க ஒரு வழி. 45-ஆம் நாள் வாக்கில் ஒரே ஒரு செடியின் பக்கத்தில் விரலை விட்டு மண்ணை மெதுவாக விலக்குங்கள்.

வெள்ளைக் கயிறு இருக்கிறது, நுனி பட்டாணி அளவு வீங்கியிருக்கிறது என்றால் கவலையே இல்லை. மூடிவிட்டுக் காத்திருங்கள்.

கயிறு இருக்கிறது, ஆனால் நுனி வீங்காமல் மேல்நோக்கி வளைந்து மண்ணைக் கிழித்து இலை விட்டு இன்னொரு செடியாகி நிற்கிறது என்றால் சூடு. கூடவே மேலே இலைகள் சிறுத்து, தண்டு நீண்டு இருக்கும்.

கயிறே குறைவு, தண்டு விரல் தடிமன், இலை கரும்பச்சை என்றால் தழைச்சத்து அதிகம். யூரியா போட்டிருப்பீர்கள், அல்லது என்னை மாதிரி மாட்டு எருவை ஆசையோடு பாதிக்குப் பாதி கொட்டியிருப்பீர்கள். மாதவரம் பக்கம் எரு கிடைக்கிறது, மலிவு, அதனால் கை நீள்கிறது. மண்ணில் நான்கில் ஒரு பங்கு மக்கிய எரு போதும். இந்தப் பருவத்துக்கு இனி தழைச்சத்தே காட்டாதீர்கள். பொட்டாஷ் மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம்.

தண்டு வெளிறி, மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் நிழல். நம் தெருக்களில் வீடு ஒட்டி வீடு. மூன்று மாடி நிழல் மதியமே பாத்தியில் விழுந்துவிடும். ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் உருளை வேண்டாம், கீரை போடுங்கள். ஆயாவும் சரி என்பார்.

சூடுதான் காரணம் என்றால் செய்யக்கூடியது மண்ணைக் குளிர்விப்பது. காற்றை நாம் மாற்ற முடியாது, மண்ணை நாலைந்து டிகிரி குறைக்க முடியும். சமையலுக்கு விற்கும் குத்து வெப்பமானி ஒன்றை நான்கு அங்குல ஆழத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் குத்திப் பாருங்கள். என் பாத்தியில் மூடாக்கு (மண்மேல் பரப்பும் தோகை, வைக்கோல் போர்வை) இல்லாமல் 31 இருந்தது. மூடாக்கு போட்டு நான்கு நாள் கழித்து 26. எனக்குப் பொங்கலே மூடாக்குத் திருவிழா. கரும்பை வெட்டிவிட்டுத் தோகையைத் தெருவில் போடுவார்கள்; இரண்டு சுமை அள்ளி வந்து நான்கு அங்குலத்துக்குப் பரப்பிவிடுவேன். வைக்கோலும் நல்லது. போகிச் சாம்பலை மட்டும் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். அதில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த மிச்சம் கலந்திருக்கும்.

பாத்தியின் சுவரும் முக்கியம். தகரத்தில் செய்த பாத்தி பார்க்க அழகு. ஆனால் மேற்கு வெயில் அடித்தால் ஓரத்துச் செடிகள் வேகும். என் ஹாலோ பிளாக்கே மாலை வரை சூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கம் ஒரு சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். அசிங்கமாகத்தான் இருந்தது, அந்த வரிசையில்தான் அதிகம் கிடைத்தது. பிப்ரவரி பிறந்ததும் நண்பகலுக்கு மட்டும் 35 சதவீத நிழல்வலை. ஜனவரியிலேயே கட்டினால் வெயில் பற்றாமல் வேறு கோளாறு வரும்.

ரகமும் உதவும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெப்பத்தைத் தாங்கவென்றே 'குஃப்ரி சூர்யா' என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. இங்கே கடையில் கேட்டால் விழிப்பார்கள். வடக்கே போய்வரும் யாரிடமாவது சொல்லிவைத்து விதைக்கிழங்காகக் கிடைத்தால் விடாதீர்கள். ஊட்டிக் கிழங்கை விதையாக வைக்க எனக்கு மனம் வருவதில்லை. நீலகிரி மண்ணில் 1961-இல் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு இன்னும் அங்கே தொல்லைதான். அது கூட்டுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு பயணம் செய்யும். குழம்புக்கு வாங்குங்கள், பாத்திக்கு வேண்டாம்.

இலை ஓரம் தீய்ந்து, நுனி காய்ந்து போகிறது

கீழ் இலைகளில் ஓரம் மட்டும் பழுப்பாகத் தீய்ந்து, உள்ளே பச்சையாக இருந்தால் நோய் மருந்து எடுக்க வேண்டாம். தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை பக்கம் போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது பழைய கதை. உருளை உப்பைச் சுமாராகத்தான் தாங்கும். தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 700-ஐத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். வீட்டில் ஆர்.ஓ. மாட்டியவர்களிடம் அந்தப் பேனா மாதிரி மீட்டர் இருக்கும், வாங்கிப் பாருங்கள்.

ஆர்.ஓ. என்றதும் ஒன்று. அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை 'வீணாகிறதே' என்று பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. உப்பையெல்லாம் பிரித்துத் தள்ளிய தண்ணீர் அது. தரை கழுவலாம், உருளைக்கு மட்டும் கூடவே கூடாது. எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு பருவம் ஆயிற்று. ஏனென்றால் ஊற்றிக்கொண்டிருந்தது நான் இல்லை, வீட்டில் அம்மா, அன்போடு.

மண்ணின் மேல் வெள்ளைப் பூப்பு படிந்திருந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். நல்ல தண்ணீரை ஒரே தடவையில் தாராளமாக ஊற்றி, அடியில் வடியும்படி ஒருமுறை கழுவிவிடுங்கள். அப்புறம் மாற்றுத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து வைத்தால் என் பாத்தி அளவுக்கு நாளொன்றுக்கு எட்டு, பத்து லிட்டர் வீதம் இருபது நாள் ஓடும். இரண்டு டிரம் இருந்தால் கிழங்கு உட்காரும் காலம் முழுக்கச் சமாளிக்கலாம். வாயில் துணி கட்டி மூடுங்கள், இல்லாவிட்டால் கொசு வளரும். மாநகராட்சி ஆள் வந்து கேட்பார், கேட்பதும் நியாயம்தான்.

மண் நிரப்பும்போதே உப்பைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. கடற்கரை மணல் இலவசம் என்று அள்ளி வராதீர்கள். செங்குன்றம் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்பது என் கலவை. நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலும் உப்பு இருக்கும். ஏரிக் களிமண் வேண்டவே வேண்டாம். காய்ந்தால் செங்கல், நனைந்தால் சேறு.

செடி வாடுகிறது

மதியம் வாடி, மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் அது வெயில் களைப்பு. காலையில் தண்ணீர் விடுங்கள், மூடாக்கைக் கூட்டுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் இலை பச்சையாகவே தொங்கி, மறுநாள் காலையிலும் எழவில்லை என்றால் மோசம். தண்டைத் தரையோடு அறுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, அறுத்த முனை தண்ணீரில் லேசாக முட்டும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். இதற்கு மருந்து இல்லை. 'இதை ஊற்றுங்கள், சரியாகும்' என்று கடையில் எதைக் கொடுத்தாலும் காசு வீண். அந்தச் செடியையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் அள்ளிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழிக்கு அல்ல. கத்தியையும் கையையும் கழுவுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் இதே நோய் வரும் என்பதால் அவற்றைக் குறைந்தது மூன்று வருஷம் அந்தப் பாத்தியில் ஏற்றாதீர்கள். கீரை, காராமணி, சாமந்தி போடலாம்.

ஒரு செடி மட்டும் காலையில் மரம் வெட்டியது போலச் சாய்ந்து கிடந்தால் வெட்டுப்புழு. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஆள் அகப்படுவான். ஆடு மேய்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம், தெரியும். எங்கள் தெரு ஆடுகளுக்குப் பூட்டுப் போட்ட கேட்டும் ஒரு பொருட்டல்ல. அவற்றுக்கும் அது நல்லதில்லை, உருளை இலையில் நச்சு உண்டு.

இலை சுருள்கிறது, புள்ளி விழுகிறது

இலையைத் திருப்பி, கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். பறந்தால் வெள்ளை ஈ. பச்சையாக ஊர்ந்தால் அசுவினி. பொடி மாதிரி விழுந்த புள்ளி நகர்ந்தால் சிலந்திப்பேன். எதுவும் விழாமல் இலையின் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் மினுங்கி, நுனி இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு விறைத்திருந்தால் கண்ணுக்கே தெரியாத சிறு சிலந்தி வேலை. முதல் இரண்டுக்கும் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலை வெயில் இறங்கிய பிறகு, வாரம் ஒருமுறை. சிலந்திகளுக்கு நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு இரண்டு கிராம் அடித்தால் கேட்கும். ஆனால் அதையும் வேப்பெண்ணெயையும் அடுத்தடுத்து அடிக்கக் கூடாது, இலை கருகும். நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

இலை மேல்நோக்கிக் குழலாகச் சுருண்டு தோல் மாதிரித் தடித்தோ, மஞ்சளும் பச்சையும் தேமல் போலக் கலந்தோ இருந்தால் வைரஸ். அசுவினியும் வெள்ளை ஈயும் கொண்டுவருவது. பல சமயம் விதைக்கிழங்கிலேயே வந்திருக்கும். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். மனசு கேட்காதுதான்.

புள்ளிக்கு வந்தால், பழுப்பு வட்டத்துக்குள் வட்டமாக, துப்பாக்கி சுடும் குறிப்பலகை போல இருந்தால் முன்பருவக் கருகல். நம் ஊரில் வருவது பெரும்பாலும் இதுதான். கீழ் இலையிலிருந்து தொடங்கும். பாதித்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, தண்ணீரை இலையில் தெளிக்காமல் மண்ணில் விடுங்கள். ஆரம்பத்திலேயே என்றால் இது போதும். அயர்லாந்தில் 1845-இல் பஞ்சத்தைக் கொண்டுவந்த பின்பருவக் கருகல் பற்றிப் படித்துப் பயந்து தாமிர மருந்து வாங்கி வைத்தேன். அதற்குக் குளிரும் விடாத ஈரமும் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது எமன். இங்கே என் நான்கு பருவத்தில் ஒருமுறை கூட அதைப் பார்க்கவில்லை. அந்த டப்பா இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

இலைமேல் கறுப்பாகப் படிந்து, விரலால் துடைத்தால் போகிறது என்றால் அது நோயே இல்லை, லாரிப் புழுதி. வாரம் ஒருமுறை அதிகாலையில் தண்ணீரால் கழுவினால் போதும், வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும்.

காலையில் பார்த்தால் பாத்தி ஓரம் மண் குவியல், செடி உள்ளே இறங்கியிருக்கிறது

பெருச்சாளி. சாக்கடையும் காலி மனையும் உள்ள நம் பகுதியில் இதைப் பற்றிச் சொல்லாமல் கிழங்கு வளர்ப்பைப் பற்றி எழுதக் கூடாது. ஆங்கில வீடியோக்களில் வரும் பூச்சிகள் எதுவும் எனக்குச் செய்த சேதம், ஒரு பெருச்சாளி இரண்டே இரவில் செய்ததில் பாதி கூட வராது. மேலே செடி பச்சையாக நிற்கும். அடியில் ஓடுதண்டோடு கிழங்கைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கும். கடித்து மிச்சம் வைத்த கிழங்கை எடுத்துச் சாப்பிடாதீர்கள்.

பருவத்தின் நடுவே வந்துவிட்டால் முழுத் தீர்வு கிடையாது. வளை வாயில் உடைந்த செங்கல் துண்டும் சிமெண்டும் போட்டு அடைக்கலாம், கூண்டு வைக்கலாம். கூண்டுக்குள் வைக்கக் கருவாடு நல்லது, தேங்காய்ப் பத்தையும் சரிதான். காசிமேடு போய்வரும் வீடு என்றால் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. விஷம் வைக்காதீர்கள், சாப்பிடும் கிழங்கு விளையும் மண், அதோடு செத்த எலியைத் தின்னும் தெருப்பூனையும் சாகும்.

உண்மையான தீர்வு பாத்தி கட்டும்போதே. அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் கம்பிவலையைத் தரையில் விரித்து, ஓரத்தை உள்சுவரில் ஆறு அங்குலம் மேலே மடித்து, அதற்கு மேல் மண் நிரப்ப வேண்டும். கோழிவலை போதும் என்று கடைக்காரர் சொன்னார். நானும் மலிவுக்கு ஆசைப்பட்டு அதைப் போட்டேன். ஒரே பருவத்தில் துருப்பிடித்துக் கையால் பிய்கிற அளவுக்கு வந்துவிட்டது. கடல் காற்று. துத்தநாகப் பூச்சு நன்றாக உள்ள வலையாகக் கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே பாத்தி கட்டிவிட்டவர்கள் கோடையில் மண்ணை அள்ளிவிட்டு இந்த வேலையைச் செய்துவிடலாம், இரண்டு பேருக்கு அரை நாள்.

கிழங்கு கிடைத்தது, ஆனால் பார்க்க நன்றாக இல்லை

பச்சையாக இருந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும் ஒருமுறை, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை தண்டின் அடியில் மண்ணைக் குவித்து அணைத்திருக்க வேண்டும். பாத்தியில் ஒரு சிக்கல்: ஆரம்பத்திலேயே விளிம்பு வரை மண் நிரப்பிவிட்டால் அணைக்க இடம் இருக்காது. முதலில் பத்து அங்குலத்துக்கு நிரப்பி, மீதியை இதற்கென்று வையுங்கள். லேசான பச்சையைத் தடிமனாகச் சீவிவிட்டுச் சமைக்கலாம். முழுக்கப் பச்சை, அல்லது வாயில் வைத்தால் கசப்பு என்றால் தூக்கி எறியுங்கள். செடியில் எப்போதாவது குட்டித் தக்காளி போலப் பச்சைக்காய் காய்க்கும். அதுவும் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீடானால் கிள்ளிவிடுங்கள்.

தோலில் தக்கை மாதிரிச் சொறி இருந்தால் மண் காய்ந்திருக்கிறது, அல்லது காரத்தன்மை கூடியிருக்கிறது. சாம்பலையும் சுண்ணாம்பையும் பாத்தியில் போடும் பாட்டி வைத்தியம் உருளைக்கு ஆகாது. பச்சைச் சாணமும் ஆகாது. சொறியைச் சீவிவிட்டால் உள்ளே நல்ல கிழங்குதான்.

வெடிப்பு, உள்ளே பொந்து, கிழங்கின் மேல் கிழங்கு முளைத்து இஞ்சி மாதிரி உருவம்: மூன்றுக்கும் பொதுவாக ஒரே காரணம். நான்கு நாள் காயப்போட்டுவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக விட்டிருப்பீர்கள். இஞ்சி உருவத்துக்குச் சூடும் துணை போகும். சாப்பிடத் தடையில்லை.

ஓட்டை இருந்தால், உள்ளே 'சி' வடிவில் தடித்த வெள்ளைப் புழு இருக்கிறதா பாருங்கள். சரியாக மக்காத எருவோடு வந்தது. அடுத்த முறை எருவைச் சலித்துப் போடுங்கள்.

பிடுங்கி இரண்டு வாரத்தில் அழுகுகிறது

இலை பாதிக்கு மேல் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தண்டை அறுத்துவிட்டு இன்னும் ஏழு நாள் கிழங்கை மண்ணிலேயே விட்டால் தோல் முற்றும். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியக் கூடாது, அதுதான் பதம். ஆனால் மார்ச் இரண்டாம் வாரம் தாண்டிவிட்டால் பதம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். சூடான மண்ணில் விட்டால் அங்கேயே அவிந்துவிடும்.

எடுத்ததைக் கழுவாதீர்கள். மண்ணைக் கையால் உதறி, நிழலில், காற்றோட்டமாக, சணல் சாக்கின்மேல் ஒற்றை அடுக்காக ஒரு வாரம் பரப்புங்கள். கடப்பாரை, மண்வெட்டி பட்டதைத் தனியே வைத்து முதலில் சமைத்துவிடுங்கள். வெங்காயக் கூடையோடு சேர்த்து வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜும் வேண்டாம், மாவு சர்க்கரையாகி, வறுத்தால் கருத்துப்போகும்.

மிச்சம் வைத்து அடுத்த டிசம்பரில் விதையாக நடலாம் என்று ஒருமுறை ஒரு கிலோ எடுத்து வைத்தேன். கத்திரி வெயிலில் சுருங்கி, ஜூனிலேயே முளை நீண்டு, ஆகஸ்டில் உலர்ந்த பேரீச்சை போல ஆகிவிட்டது. இங்கே ஒன்பது மாதம் தாங்காது. தாங்கினாலும் அதில் வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம். கிடைத்ததை எல்லாம் மார்ச்சிலேயே பொரியல் செய்துவிட்டு, விதைக்கு நவம்பரில் புதிதாக வாங்குவதுதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது.